அக்சிலேட்டர் முறுக்க வண்டி இழுக்கவில்லையா? ஸ்குரூ டிரைவரைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

மோட்டார் சைக்கிள் இழுக்கவில்லை என்றால் எங்கள் ஊரில் கை முதலில் போகிற இடம், பெற்றோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு விடுகிற காபரேட்டர். ஒரு ஸ்குரூவை அரைச் சுற்று திருகிப் பார்ப்பார்கள். சரிவரவில்லை என்றால் பக்கத்தில் இருப்பதையும் திருகுவார்கள். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதில் எனக்கு ஓர் ஊகம் உண்டு. 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பெற்றோலைக் கண்ணால் காண்பதே அரிது. சில துளி பெற்றோலை விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகளில்தான் யாழ்ப்பாணம் திரிந்தது. மண்ணெண்ணெயில் ஓட்டுவதென்றால் காபரேட்டரோடு மல்லுக்கட்டாமல் முடியாது. அப்போது அது தேவை. இப்போது பெற்றோல் செட்டில் 92 ஒக்டேன் பெற்றோல் அடித்துக்கொண்டு ஓடுகிற வண்டியில் அதே கைவேலை ஒரு பழுதை இரண்டாக்கிவிடுகிறது.

காபரேட்டர் ஸ்குரூ தானாகச் சுற்றுவது அபூர்வம். நேற்றுவரை ஒழுங்காக ஓடிய வண்டி இன்று திணறினால், மாறியது பெரும்பாலும் வேறெதுவோ. அதைத் தேடாமல் ஸ்குரூவைத் திருகினால், உண்மையான பழுது அப்படியே இருக்க, நல்லாயிருந்த செட்டிங்கும் போய்விடும்.

"முறுக்க இழுக்குதில்லை" என்ற ஒரே முறைப்பாட்டுக்குள் பல வருத்தங்கள் ஒளிந்திருக்கின்றன. முறுக்கியதும் ஒரு கணம் செத்துப்போய்ப் பிறகு பிடிப்பது ஒன்று. பாதிவரை நன்றாகப் போய் முழுக்க முறுக்கினால் அடைப்பது இன்னொன்று. கையை விட்ட பிறகும் ரேஸ் (இன்ஜின் சுற்றும் வேகம்) இறங்காமல் நிற்பது வேறு. சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாதது முற்றிலும் வேறு. கராச்சுக்குப் போகுமுன் இதில் உங்களுடையது எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்டாண்டில் நிறுத்தி வைத்து "வ்ரூம் வ்ரூம்" என்று முறுக்கிப் பார்ப்பதில் அது தெரியாது. பாரம் இல்லாத இன்ஜின் அரை உயிரோடும் சத்தம் போடும். றோட்டில், கியரில், ஆளோடு ஓடும்போதுதான் பழுது முகம் காட்டும்.

நான் செய்வது இதுதான். கைப்பிடி றப்பரில் ஒரு துண்டு வெள்ளை ரேப் ஒட்டி ஒரு கோடு. பக்கத்தில் அசையாத சுவிட்ச் பெட்டியில் நாலு கோடு: மூடிய நிலை, கால், அரை, முக்கால். அதன் பிறகு ஆளில்லாத நேரான றோட்டில் ஓடி, திணறல் எந்தக் கோட்டில் வருகிறது என்று பார்ப்பேன். ஸ்பீடோமீற்றரைப் பார்த்துப் பிரயோசனமில்லை. காபரேட்டருக்கு உங்கள் வேகம் தெரியாது, எவ்வளவு திறந்திருக்கிறது என்பதுதான் தெரியும். மூடிய நிலையிலிருந்து கால்வரை பெரும்பாலும் பைலட் ஜெட்டின் ஆட்சி (ஜெட் என்பது பெற்றோல் வருகிற நுண்துவாரத் துண்டு). கால் முதல் முக்கால்வரை நீடில் என்கிற ஊசி. அதற்கு மேலே மெயின் ஜெட். அரையில் திணறுகிற வண்டிக்குப் பைலட் ஸ்குரூவைத் திருகுவது, கால் நோகத் தலைக்கு எண்ணெய் வைக்கிற கதை. பல பல்சர்களில் இருப்பது போன்ற, வெற்றிடம் இழுத்து ஸ்லைட் (காற்றுவழியைத் திறக்கிற அடைப்பு) உயரும் காபரேட்டரில் இந்தக் கணக்குக் கொஞ்சம் முன்பின் ஆகும். அதில் மேலே இருக்கும் மெல்லிய றப்பர் டயபிராமில் ஒரு கீறல் விழுந்தாலே போதும்: எவ்வளவு முறுக்கினாலும் ஸ்லைட் ஒழுங்காக எழும்பாது.

கேபிளைப் பார்க்காமல் விடுவது இன்னொரு பிழை. கைப்பிடியைத் திருப்பத் தொடங்கி, கேபிள் இழுபடுமுன் சிறிய வெற்றாட்டம் ஒன்று இருக்க வேண்டும். பல வண்டிகளுக்கு 2 முதல் 6 மில்லிமீற்றர். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று கைநூலில் இருக்கும். அது கூடினால் முறுக்கலில் பாதி வீண். இல்லாமலே போனால் ரேஸ் இறங்காது. ஸ்டார்ட் பண்ணி, முறுக்காமல் ஐட்லிங்கில் விட்டு, ஹாண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். ரேஸ் ஏறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது என்று அர்த்தம். புதிதாகப் போட்ட கைப்பிடி உறை நுனியில் உரசுவதால்கூட அக்சிலேட்டர் திரும்பி வராமல் நிற்கும். பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் தினமும் போய்வருகிறவர்களின் கேபிள்களை உப்புக் காற்று வேகமாகவே தின்றுவிடும்.

இனி என் சொந்த மடத்தனம். ஒரு மாரி காலம். டாங்குக்குள் மழைத் தண்ணீர் இறங்குகிறது என்று நினைத்து, மூடிக்கு அடியில் ஒரு பொலித்தீன் துண்டை மடித்து வைத்து இறுக்கிப் பூட்டினேன். பலர் செய்கிற வேலைதான். ஒரு கிழமை கழித்து, பருத்தித்துறையிலிருந்து வரும்போது வல்லை வெளியில் வண்டி இழுவை குறைந்து, இருமி, நின்றது. பத்து நிமிடம் நின்று உதைத்தேன். எதுவும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகி வீடுவரை வந்தது. அடுத்த நாளும் அதே இடத்துக்குக் கிட்ட அதே கூத்து. கராச்சில் காபரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். இரண்டு தடவை. பிளக்கும் மாற்றியாயிற்று. டாங்க் நிறைந்திருந்ததால் பெற்றோல் பிரச்சினை என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

மூன்றாவது தடவை நின்றபோது, பெற்றோல் இருக்கிறதா என்று பார்க்க மூடியைத் திறந்தேன். "உஸ்" என்று காற்று உள்ளே போனது. உடனே ஸ்டார்ட் ஆனது. மூடியில் ஒரு சின்னத் துவாரம் இருக்கும். பெற்றோல் கீழே இறங்க இறங்க அதன் வழியாகத்தான் காற்று உள்ளே வர வேண்டும். என் பொலித்தீன் அதை அடைத்துவிட்டது. டாங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெற்றோல் இறங்க மறுத்திருக்கிறது. அப்புறம் யோசித்துப் பார்த்தால், நிறைந்த டாங்கில்தான் இது சீக்கிரம் வரும். உள்ளே காற்றுக்கு இடம் குறைவு. நான் சாட்சியாக வைத்திருந்த விஷயமே எனக்கு எதிரான சாட்சி! கொஞ்சத் தூரம் நன்றாக ஓடி, பிறகு செத்து, ஓய்வு கொடுத்தால் உயிர்க்கிற வண்டிக்கு முதல் சோதனை மூடியைத் திறந்து மூடுவதுதான். சதச் செலவில்லை.

எயார் பில்டர் பற்றிச் சொல்லாமல் போனால் வலிகாமத்தார் கோபிப்பார்கள். சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசுகிற மாதங்களில் சுன்னாகம், உரும்பிராய்ப் பக்கச் செம்மண் தூசி எல்லாவற்றுக்குள்ளும் போகும். கடதாசி பில்டரைப் பெற்றோலில் கழுவுகிறார்கள். அதோடு அது முடிந்தது. கொம்பிரசர் காற்றை வெளிப்பக்கத்தால் அடித்தால் தூசி இன்னும் ஆழமாக இறங்கும். அடிக்கத்தான் வேண்டுமென்றால் உள்ளிருந்து வெளியே, மெதுவாக. ஸ்பொஞ்ச் பில்டரைக் கழுவலாம், ஆனால் காயவைத்து எண்ணெய் தடவிப் பிழிந்துதான் திரும்பப் போட வேண்டும். பில்டரையே கழற்றி எறிந்துவிட்டு "இப்ப நல்லா இழுக்குது" என்கிற தம்பிமாரும் உண்டு. செம்மண் பிஸ்ரனைச் சுரண்டத் தொடங்கினால் அந்த இழுவைக்கு விலை தெரியும். காபரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கிற றப்பர் குழாய் வெடித்திருந்தாலும் முறுக்கும்போது தடுமாறும். அதைக் கண்டுபிடிக்கச் சூடான இன்ஜினில் பெற்றோல் தெளிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம், தீப்பிடிக்கும். சவர்க்காரத் தண்ணீரைத் தெளித்து ஐட்லிங் மாறுகிறதா என்று பார்த்தால் போதும்.

பிளக்கின் நிறம் பார்ப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. சந்தைக்குள்ளால் ஊர்ந்து வந்து, ஐந்து நிமிடம் ஐட்லிங்கில் விட்டு, பிறகு கழற்றினால் நல்ல இன்ஜினின் பிளக்கும் கறுப்பாகத்தான் இருக்கும். பழுது வருகிற அதே திறப்பில் கொஞ்சத் தூரம் ஓடி, கிளட்சைப் பிடித்து, அந்த இடத்திலேயே இன்ஜினை நிறுத்திக் கழற்றினால்தான் அது உண்மை சொல்லும். இளம் கபிலம் நல்லது. காய்ந்த கரி என்றால் பெற்றோல் கூடுதல், சுண்ணாம்பு வெள்ளை என்றால் காற்றுக் கூடுதல். இழுவைக்காக 95 ஒக்டேன் அடிப்பது காசுக்குப் பிடித்த கேடு. ஒக்டேன் இன்ஜின் தட்டுவதைத் தடுக்கும், அவ்வளவுதான். 92க்கு என்று செய்த இன்ஜினுக்குப் புது உயிர் கொடுக்காது.

சத்தம் ஏறி வேகம் ஏறாத வண்டியை அக்சிலேட்டர் பழுது என்று கொண்டுபோகிறவர்கள் ஏராளம். டொப் கியரில் மிதமான வேகத்தில் போகும்போது திடீரென முறுக்குங்கள். ரேஸ் பாய்ந்து, வண்டி அதே நடையில் போனால் கிளட்ச் வழுக்குகிறது. காரில் மிஞ்சிய இன்ஜின் ஒயிலை மோட்டார் சைக்கிளுக்கு விடுவதும் இதற்கு ஒரு காரணம். எங்கள் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கிளட்ச் தட்டுகள் அந்த ஒயிலுக்குள்தான் கிடக்கின்றன. போத்தலில் ஜாசோ எம்.ஏ. (JASO MA) என்று, ஒயிலுக்குள் கிடக்கும் கிளட்சுக்கு ஏற்றது என்கிற குறி இருக்கிறதா பாருங்கள். ஸ்கூட்டரில் இதே குணம் கண்டால் பெல்ட், றோலர் பக்கம் தேடுங்கள். பின் பிறேக் உரசுகிறதா என்று சில்லைக் கையால் சுற்றிப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். இன்னொன்று: வல்லை வெளியில் எதிர்காற்றில் ஓடிவிட்டு இழுவை இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். திரும்பியும் ஒரு தடவை ஓடுங்கள்.

எல்லாம் பார்த்தும் காபரேட்டர்தான் என்றால், சரி, கை வையுங்கள். பைலட் ஸ்குரூவை முதலில் மெதுவாக உள்ளே திருகி, முட்டும்வரை எத்தனை சுற்று என்று எண்ணிக் கடதாசியில் எழுதுங்கள். முட்டிய பிறகு இறுக்கினால் கூர் நுனியும் இருக்கையும் கெடும். ஜெட்டுக்குள் கம்பி விடாதீர்கள். துவாரம் தலைமயிரளவு பெருத்தாலும் அது வேறு அளவு ஜெட். ஊதித்தான் எடுக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், அதன் பிறகு ஓட்டம். பில்டர், பிளக், நீடில் மூன்றையும் ஒரே பின்னேரத்தில் மாற்றினால், எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

காபரேட்டருக்குப் பதிலாகப் பெற்றோலை மின்னணு முறையில் அளந்து தெளிக்கிற எப்.ஐ. வண்டிகளுக்கு இந்தத் திருகல் வைத்தியம் எதுவும் செல்லாது. திறொட்டில் பொடியில் மைப்பொட்டு வைத்த ஸ்குரூவைத் தொட்டால், திறப்பை அளக்கும் சென்சரின் கணக்கே பிழைத்துவிடும். சாவியைப் போட்டதும் எரிகிற இன்ஜின் விளக்கு, ஸ்டார்ட் ஆன பிறகும் அணையாமல் நின்றாலோ மினுங்கினாலோ, எத்தனை தடவை மினுங்குகிறது, நீண்டா குறுகியா என்று போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். பல வண்டிகள் பழுதின் இலக்கத்தை அந்த மினுங்கலில்தான் சொல்கின்றன.