அறியாத நகரில் பேருந்தையும் மெட்ரோவையும் ஒதுக்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிய நகரில் கால் வைத்ததும், மெட்ரோ நிலையம் எதிரிலேயே இருந்தும், டாக்சியைத் தேடிப் போகும் சுற்றுலாப் பயணிகள் ஏராளம். இதைச் சோம்பல் என்று சொல்வது நியாயமாகாது. நுழைவாயில் திறக்காமல் போய், பின்னால் வரிசை நீள, நாலு பேர் பார்க்கக் கையைப் பிசைந்து நிற்க நேருமோ என்ற கூச்சமே பலரையும் தடுக்கிறது. பயணச்சீட்டு முறை பிடிபடாததால் வரும் கூச்சம் இது. ஆகவே, புறப்படுமுன் வழித்தடத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சீட்டு முறையைப் பார்க்காமல் விடுவதையே முதன்மையான தவறாகக் கருதுகிறேன்.

பெர்லினின் சுரங்க ரயில் நிலையங்களில் தடுப்பு வாயில்களே கிடையாது; யாரும் நேராக நடைமேடைக்குப் போகலாம். ஆனால், முத்திரையில்லாமல் விற்கப்படும் காகிதச் சீட்டை, ரயிலில் ஏறுவதற்கு முன்பே அங்குள்ள சிறிய பெட்டியில் செருகி எடுக்க வேண்டும். காசு கொடுத்து வாங்கிய சீட்டு கையில் இருந்தாலும், முத்திரை விழாதவரை அது செல்லாது. சாதாரண உடையில் வரும் பரிசோதகரிடம் சிக்கினால் அபராதம் 60 யூரோ.

லண்டனில் சிக்கல் வேறு வகையானது. வங்கி அட்டையையே வாயிலில் உள்ள கருவியில் தொடவைத்துப் போகலாம் என்றாலும், நுழையும்போது அட்டையையும், வெளியேறும்போது அதே அட்டை பதிந்த கைபேசியையும் காட்டினால், அவை முடிவுபெறாத இரு தனிப் பயணங்களாகக் கணக்காகி, இரண்டுக்கும் உச்சக் கட்டணம் பிடிக்கப்படும். அந்நகரப் பேருந்துகளில் 2014 முதல் ரொக்கம் வாங்குவதில்லை. ஏறும்போது மட்டும் அட்டையைத் தொடவைத்தால் போதும். சிங்கப்பூர்ப் பேருந்திலோ இறங்கும்போதும் தொடவைக்க வேண்டும். ஓர் ஊரில் பழகியதை அடுத்த ஊரிலும் அப்படியே செய்தால் காசு கரையும்.

மெட்ரோ வரைபடத்தை ஊரின் வரைபடமாகவே நம்பிவிடுவதும் தவறு. 1933இல் வெளியான, ஹாரி பெக் என்பவர் வரைந்த லண்டன் சுரங்க ரயில் வரைபடம், உண்மையான தூரத்தை விட்டுவிட்டுத் தடங்களை நேர்கோடுகளாகக் காட்டியது. பிற நகரங்களும் அம்முறையைப் பின்பற்றின. லெஸ்டர் ஸ்கொயரும் கோவென்ட் கார்டனும் அதில் அடுத்தடுத்த நிலையங்கள். தெருவில் அவற்றிடையே சில நிமிட நடைதான். சுரங்கத்தில் இறங்கி ஏறுவதற்குள் நடந்தே போய்விடலாம். டோக்கியோவின் ஷின்ஜுகு போல தெருவுக்கு வெளியேற 200க்கும் மேற்பட்ட வாயில்கள் கொண்ட நிலையத்தில், நிலையத்தின் பெயரோடு வாயிலின் எண்ணையும் குறித்துக்கொள்ளாவிட்டால் அலைச்சல்தான் மிஞ்சும்.

முதல் பயணத்தையே பெட்டி படுக்கையோடு, அலுவலக நெரிசலில் தொடங்குவது நல்லதன்று. வெறுங்கையுடன், கூட்டமில்லாத நண்பகலில், இரண்டு மூன்று நிறுத்தங்கள் போய்த் திரும்பினாலே பாதிக் கூச்சம் தெளிந்துவிடும். கடைசி வண்டியின் நேரத்தையும் அப்போதே கேட்டுவைக்க வேண்டும். டோக்கியோவில் நள்ளிரவை ஒட்டி ரயில்கள் நின்றுவிடுகின்றன. அதன் பிறகு டாக்சியை அழைப்பதில் தவறேதும் இல்லை.