தாடி ஐரிஸ் வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீழிதழ்களில் தாடிபோல மயிர் கொண்ட பூச்செடியான தாடி ஐரிஸ் (bearded iris) கவனிப்பாரின்றிச் சாவது குறைவு. நீரையும் உரத்தையும் அள்ளிக் கொடுப்பவர்களிடம்தான் அது அதிகம் அழுகிப்போகிறது.

இதன் கிழங்கு இஞ்சியைப் போலப் படுத்த வாக்கில் வளரும். ஆனால், இஞ்சியைப் போல ஆழப் புதைத்துவிடக் கூடாது. மழை மிகுந்த ஊர்களிலும் களிமண் நிலத்திலும் கிழங்கின் முதுகு வெயில் படும்படி வெளியே தெரிய வேண்டும். டெக்சாஸ் போன்ற கடும் வெப்பப் பகுதிகளில் மட்டும் ஓர் அங்குலம் மண் மூடலாம். நாளுக்கு 6 மணி நேர நேரடி வெயிலாவது கிடைக்க வேண்டும்.

அழுகல் பிடித்தால், விசிறிபோல் நின்ற இலைகள் அடியோடு சாயும். லேசாக இழுத்தாலே கையோடு வந்துவிடும். கிழங்கு கூழாகி நாற்றமடிக்கும். உடனே தோண்டி எடுத்து, கெட்டியான வெள்ளைச் சதை தெரியும்வரை ஸ்பூனால் சுரண்டி, வெயிலில் நன்றாகக் காயவிட்டு நட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். தழைச்சத்து மிகுந்த உரம் போட்டால் இலை கொழுக்கும், பூ குறையும், அழுகலும் எளிதில் தொற்றும்.

இதைவிட வருத்தம் தருவது, படத்தில் பூவின் நிறத்தை மட்டும் பார்த்து வாங்குவது. 20 செ.மீ. உயரத்தைத் தாண்டாத குட்டை வகைகளுக்குக் குளிர்காலம் வேண்டும். மின்னசோட்டாவின் உறைபனியைத் தாங்கி வசந்தத்தில் முந்திப் பூக்கும் அவை, குளிர் போதாத தெற்குக் கலிபோர்னியாவில் சரியாகப் பூப்பதில்லை. மேற்கு ஆசியாவின் வறண்ட நில ஐரிஸ்களைக் கலந்து உருவாக்கிய அரில்பிரெட் வகைகள் நியூ மெக்சிகோவின் வறட்சியில் செழிக்கும். கோடை மழை பெய்யும் ஊர்களில் நிலைப்பது கடினம். தெற்கு ஃபுளோரிடாவில் தாடி ஐரிஸுக்காகப் போராடுவதைவிட, ஈரத்தை விரும்பும் லூயிசியானா ஐரிஸை நடுவதே நல்லது.

இலையுதிர்காலத்தில் மறுபடி பூக்கும் ‘இம்மார்டாலிட்டி’ போன்ற வகைகளுக்கு மட்டும் கோடையிலும் தண்ணீர் வேண்டும். பனி முந்தி வரும் ஊர்களில் அந்த இரண்டாம் பூப்பு மொட்டிலேயே கருகக்கூடும்.

குளிர் நாடுகளில் தாமதித்து நடுவதும் தவறு. உறைபனிக்கு 6 வாரம் முன்பாவது நட்டால்தான் வேர் பிடிக்கும். இல்லாவிட்டால் உறைந்து இளகும் மண் கிழங்கை மேலே தள்ளிவிடும். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இருப்பவர்கள், குளிர்காலத்துக்கு முன் காய்ந்த இலைகளை அகற்றியே ஆக வேண்டும். கிழங்கைக் குடையும் ஐரிஸ் துளைப்பான் புழுவின் முட்டைகள் அவற்றில்தான் குளிர்காலத்தைக் கழிக்கின்றன.