நேற்றுத் தின்றது இன்னும் வயிற்றிலேயே நிற்கிறதா? காரணத்தை இப்படித் தேடுங்கள்

சாயங்காலம் கேரட் துருவல் வைத்த ஒரு தட்டுவடை செட், ராத்திரி நாலு வாய் சோற்றிலேயே வயிறு கல் மாதிரி, மறுநாள் காலை வாந்தியில் பார்த்தால் அந்த கேரட் துருவல் அரையாமல் அப்படியே கிடக்கிறது. இது அடிக்கடி நடந்தால் கேஸ் என்று சொல்லி ரோஸ் கலர் மருந்தைக் குடித்துக்கொண்டு இருக்காதீர்கள். (ஏற்காடு பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவில் வரும் வாந்தி வேறு, வண்டி நின்று கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும்.) இரைப்பை மெதுவாகக் காலியாகிறதா என்று பார்க்க வேண்டும்.

முதலில் சுகர். பல வருஷச் சர்க்கரை, இரைப்பையை இயக்கும் வேகஸ் நரம்பைக் கெடுத்துவிடும். இதில் ஒரு துப்பு உண்டு: இன்சுலின் போட்டுச் சாப்பிட்ட பிறகும் சுகர் இறங்கிப்போய் வியர்த்துக் கொட்டும், ஏனென்றால் மருந்து வேலை செய்கிறது, சோறு இன்னும் இரைப்பையை விட்டு நகரவில்லை, அப்புறம் சில மணி நேரத்தில் சுகர் எகிறும். குளுக்கோமீட்டரில் பார்த்து நேரத்தோடு எழுதி வையுங்கள்.

அடுத்து மாத்திரைப் பையைக் கொட்டிப் பாருங்கள். வலிக்குப் போடும் டிரமடால், மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், எடை குறைக்கப் போடும் செமாக்ளூடைடு ஊசி எல்லாமே வயிற்றை மந்தமாக்கும். நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள். வயிற்றிலோ உணவுக்குழாயிலோ ஆபரேஷன் நடந்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள், பழைய கதை என்று விடுபவர்கள்தான் அதிகம். தைராய்டு குறைவு, கை நடுங்கும் பார்க்கின்சன் நோய், தோல் இறுகும் ஸ்கிளிரோடெர்மா, ஒரு வைரஸ் காய்ச்சல்கூடக் காரணமாகலாம். நிறைய பேருக்குக் காரணமே தெரியாது, அதுவும் உண்மைதான்.

டெஸ்ட் என்றால், வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபி முதலில். புண் ஆறிய தழும்போ கட்டியோ வழியை அடைத்திருந்தால் வைத்தியமே வேறு. அடைப்பு இல்லையென்றால் நியூக்ளியர் ஸ்கேன், எல்லா ஸ்கேன் சென்டரிலும் இருக்காது. லேசான கதிரியக்கம் கலந்த சாப்பாடு கொடுத்து 4 மணி நேரம் பார்ப்பார்கள், கடைசியில் 10 சதவீதத்துக்கு மேல் தங்கியிருந்தால் தாமதம். அன்றைக்கு சுகர் ஏறியிருந்தால் அதுவே வயிற்றை மந்தமாக்கி ரிசல்ட்டைக் கெடுக்கும். வயிற்றை வேகமாக நகர்த்தும் வாந்தி மாத்திரையான டாம்பெரிடோன் போடுபவர்கள் எத்தனை நாள் முன்னால் நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ரத்த வாந்தி, தண்ணீர்கூட நிற்காத நிலை என்றால் இதெல்லாம் வேண்டாம், நேரே ஜி.எச். அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அதுவரை எண்ணெயும் நாரும் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை சாப்பிடுங்கள். நம்ம சேலத்து ஜவ்வரிசிக் கஞ்சி லேசாக இறங்கும், ஆனால் சுகர்காரர்கள் அளவு பார்த்துத்தான்.