முரண்டு பிடித்த ரிவர்ஸ் பொத்தான்

என் 1962 பிளிமத் வேலியண்ட் காரில் கியர் கோலே கிடையாது. பிளிமத்தைத் தயாரித்த கிறைஸ்லர் நிறுவனம் 1956 முதல் 1964 வரையிலான மாடல்களில் தானியங்கிக் கியருக்கு வைத்த பொத்தான் வரிசைதான், ஸ்டீயரிங்கின் இடப்பக்கம். இதில் மின்சாரம் எதுவும் இல்லை. பொத்தானை அழுத்தினால் ஒரு கேபிள் போய்க் கியர்பெட்டியின் வால்வை நகர்த்தும், அவ்வளவுதான்.

குளிர்காலம் வந்ததும் ரிவர்ஸ் பொத்தான் பாதியில் நின்று முரண்டு பிடித்தது. கியர்பெட்டியையே இறக்கப் பார்த்த மெக்கானிக்கைத் தடுத்துவிட்டுக் கேபிளைக் கழற்றினேன். பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருந்தது. துடைத்து, மெல்லிய எண்ணெய் விட்டேன். பிறகு காரைத் தாங்கிகளில் ஏற்றி, என்ஜினை அணைத்து, மனைவி ரிவர்ஸ் பொத்தானை அழுத்திப் பிடிக்க, அடியில் படுத்துக் கேபிள் முனையின் திருகுசக்கரத்தைச் சரிசெய்தேன். எவ்வளவு திருப்புவது என்பதற்கு அக்காலப் பட்டறைக் கையேட்டை மட்டும் நம்புங்கள். இப்போது ஒரே அழுத்தில் ரிவர்ஸ் விழுகிறது.