ரிப்பன் வரலயா? ஹிஸ்டோ லேப்ல புதுசா சேந்தவங்களுக்கு

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து ஹிஸ்டோ லேப்கள்ல (பயாப்சி டிஷ்யூவ வெட்டி ஸ்லைடு ஆக்குற லேப்) டிஎம்எல்டி (லேப் டெக்னீஷியன் டிப்ளமோ) முடிச்சிட்டு புதுசா வார பிள்ளைகள் எல்லாரும் கேக்குற மொத கேள்வி, "அண்ணே, பிளாக் வெட்ட வரமாட்டேங்குது, பிளேடு மாத்தட்டுமா?" பிளாக்னா நோயாளியோட டிஷ்யூ பீஸை மெழுகுல பதிச்ச கட்டி; அத மைக்ரோடோம்ங்கிற வெட்டுற மெஷின்ல சீவுனா வர்ற மெலிசான தகடு செக்‌ஷன், அது ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வரிசையா வர்றது ரிப்பன். பிளேடை தாராளமா மாத்துங்க. ஆனா புது பிளேடு போட்டும் அதே கோடு, அதே சுருக்கம், அதே பொடிப்பொடியா உதிர்றதுன்னா முந்தின நாள் பார்மலின் டப்பாவுலயோ ஆல்கஹால் ஜார்லயோ நடந்ததுதான் இப்ப வெளிய தெரியுதுன்னு அர்த்தம். டிஷ்யூவ மொதல்ல பார்மலின்ல போட்டு கெடாம நிலைக்க வைப்போம் (ஃபிக்சேஷன்), அப்பறம் ஆல்கஹால்ல தண்ணிய எடுத்து, சைலீன்ல ஆல்கஹாலை எடுத்து, மெழுகை உள்ள ஏத்துவோம் (புரோசஸிங்), கடைசியா மெழுகுல பதிச்சு பிளாக் ஆக்குவோம் (எம்பெட்). அதனால இந்தப் பதிவுல மைக்ரோடோம்ல இருந்து ஆரம்பிச்சு பின்னால பின்னால போறேன், ஏன்னா லேப்ல பிரச்சனை நம்ம கண்ணுல படுறது அந்த வரிசையிலதான். இன்னொண்ணு, நம்ம கையில இருக்கறது ஒரு ஆளோட உடம்புல இருந்து எடுத்த பீஸ். ரத்தம்னா திரும்ப குத்தி எடுக்கலாம், எண்டோஸ்கோபில எடுத்த கடுகு சைஸ் பீஸ மைக்ரோடோம்ல வீணாக்கிட்டா அந்த ஆளு மறுபடியும் டியூப் முழுங்கணும், அதுவும் அதே எடத்துல இருந்து கிடைக்கும்னு சொல்ல முடியாது. அதனால வெட்ட வரலன்னா சுத்திக்கிட்டே இருக்காதீங்க, நிறுத்துங்க, பாருங்க.

படி 1: ஹேண்ட் வீலை லாக் பண்ணுங்க

பிளாக்கை தொடறதுக்கு முன்னாடி வீல் லாக், பிளேடு மேல பாதுகாப்பு கார்டு. பிளாக்கை மாட்டிட்டு அப்பறம் பிளேடு போடணும், கழட்டும்போது பிளேடை மொதல்ல எடுக்கணும். இது பழக்கமா ஆகுற வரைக்கும் யாரையும் நான் தனியா கட்டிங்குல உக்கார விடமாட்டேன்.

படி 2: காசில்லாம சரி பண்ணக்கூடியதை மொதல்ல பாருங்க

பிளாக் குளிர்ச்சியா இருக்கான்னு தொட்டுப் பாருங்க. நம்ம ஊர் மே மாச வெயில்ல ஏசி இல்லாத ரூம்ல பிளாக் ரெண்டு நிமிஷத்துல இளகிடும், செக்‌ஷன் அமுங்கி சுருங்கி, பிளாக்கோட நீளத்தை விட குட்டையா வரும். ஐஸ் ட்ரேல பிளாக்கோட முகத்தை, அதாவது வெட்டுற பக்கத்தை, கீழ வச்சு குளிர வச்சுட்டு வெட்டுங்க. ஃப்ரீசர்ல போட்டு எடுக்காதீங்க, ரொம்ப குளிர்ந்தா மெழுகு வெடிச்சிரும், செக்‌ஷனும் சுருண்டு சுருண்டு வரும்.

அடுத்து கேசட்டோட (டிஷ்யூவ வைக்கிற, பிளாக்குக்கு அடிப்பாகமா இருக்க பிளாஸ்டிக் டப்பா) பக்கவாட்டுல ஒட்டியிருக்க மெழுகை சொரண்டி எடுத்தீங்களா? புதுசா வாரவங்க முக்காவாசி பேர் இத விட்டுருவாங்க. அந்த மெழுகு மேல கிளாம்ப் இறுகினா இறுகின மாதிரி தெரியுமே தவிர உள்ள பிளாக் ஆடிக்கிட்டுதான் இருக்கும், ஒரு செக்‌ஷன் தடிமனா ஒண்ணு மெலிசா வரும், இடையில ஒண்ணு வராமலே போகும். கேசட் கிளாம்ப், பிளேடு ஹோல்டர் லீவர், ஆங்கிள் ஸ்க்ரூ மூணையும் ஒரு தடவை இறுக்குங்க.

கிளியரன்ஸ் ஆங்கிள், அதாவது பிளேடோட முதுகுக்கும் பிளாக்கோட முகத்துக்கும் இடையில விடுற கோணம், பெரும்பாலும் 5 டிகிரி கிட்ட வச்சா சரியா வரும், பிளேடுக்கு தக்கன 3ல இருந்து 8 வரைக்கும் மாறலாம். ஆங்கிள் கம்மியா இருந்தா பிளாக் மேல ஏறும்போது பிளேடோட முதுகுல உரசி செக்‌ஷன் பிளாக்குலயே ஒட்டிக்கிட்டு போயிரும். அதிகமா இருந்தா பிளேடு அதிரும். ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் மாத்திப் பாருங்க மக்கா, ஆங்கிளையும் பிளேடையும் சேத்து மாத்துனா எது சரியாக்குச்சுன்னு கடைசி வரைக்கும் தெரியாது.

ரிப்பன் வளைஞ்சு வளைஞ்சு ஒரு பக்கமா போகுதுன்னா பிளாக்கோட மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் ஒண்ணுக்கொண்ணு இணையா இல்ல, ஸ்கால்பெல் வச்சு சீவி நேராக்குங்க, அவ்வளவுதான்.

படி 3: கோடு எந்தப் பக்கமா ஓடுதுன்னு பாருங்க

இத நல்லா பழகிக்கோங்க, பாதி பிரச்சனைய இதுலயே கண்டுபிடிச்சிரலாம். செக்‌ஷனை வாட்டர் பாத்ல (சூடு பண்ணின தண்ணித் தொட்டி) மிதக்க விட்டு பக்கவாட்டு வெளிச்சத்துல பாருங்க. ரிப்பனோட நீளத்துல, அதாவது பிளேடு விளிம்புக்கு குறுக்கா, ஒரு நேர் கோடு கீறினாப்ல எல்லா செக்‌ஷன்லயும் ஒரே எடத்துல ஓடுதுன்னா பிளேடுல ஒரு பல்லு விழுந்திருக்கும், இல்லன்னா பிளாக்குக்குள்ள ஏதோ கட்டியா இருக்கு. எதுன்னு தெரிய பிளேடை ஒரு சென்டிமீட்டர் பக்கவாட்டுல நகத்தி வச்சு வெட்டுங்க. கோடு போயிருச்சுன்னா பிளேடுதான் காரணம். டிஷ்யூல அதே எடத்துலயே மறுபடியும் கோடு வருதுன்னா உள்ள கால்சியம், தையல் நூல், இல்லன்னா வடிகட்டாத மெழுகுல இருந்து வந்த தூசி. தையல் நூல்னா ஊசியால நோண்டி எடுத்துருங்க. கால்சியம்னா பிளாக்கோட முகத்தை 1% ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல அரை மணி நேரம் மாதிரி கவுத்தி வைங்க (இதுக்குப் பேருதான் டீகால்சிஃபை பண்றது), தண்ணில கழுவுங்க, குளிர வச்சு உடனே வெட்டுங்க. ஆசிட் மேல் பரப்புல கொஞ்ச ஆழத்துக்குத்தான் எறங்கும், அதனால திரும்ப ட்ரிம் பண்ண (மேல் பரப்பை தடிமனா சீவித் தள்ள) போயிராதீங்க, மொத சில செக்‌ஷன்தான் உங்களுக்கு கிடைக்கும்.

கோடு பிளேடு விளிம்புக்கு இணையா, படிப்படியா ஜன்னல் பட்டை போல வருதுன்னா அது அதிர்வு. ஏதோ லூசா இருக்கு, ஆங்கிள் அதிகம், நீங்க வேகமா சுத்துறீங்க, இல்லன்னா டிஷ்யூ ரொம்ப காஞ்சு கட்டியா இருக்கு. மொத மூணையும் சரி பண்ணியும் போகலன்னா ட்ரிம் பண்ணின முகத்துல ஐஸ் தண்ணில நனைச்ச பஞ்ச பத்து நிமிஷம் வச்சுட்டு பைய சுத்துங்க. ரொம்ப நேரம் வச்சா டிஷ்யூ ஊதி வெளிய தள்ளிரும்.

செக்‌ஷன்ல ஓட்டை ஓட்டையா இருந்தா ட்ரிம்மிங்ல அவசரப்பட்டிருக்கீங்க. 15-20 மைக்ரான்ல ட்ரிம் பண்ணி டிஷ்யூ முழுசா தெரிஞ்சதும் 4 மைக்ரானுக்கு மாத்தி பத்து பதினஞ்சு செக்‌ஷனை தள்ளிட்டு அப்பறம் எடுங்க. சின்ன பயாப்சின்னா ட்ரிம்மிங்கையே குறைங்க, 10 மைக்ரானுக்கு மேல போகாதீங்க, போனா டிஷ்யூல பாதி குப்பைக்குத்தான் போகும்.

படி 4: வாட்டர் பாத் உண்மைய சொல்லும்

மெழுகோட உருகுநிலைக்கு 10 டிகிரி கீழ, 58 டிகிரி மெழுகுன்னா 48 கிட்ட வைங்க. தெர்மோஸ்டாட் டயலை நம்பாம ஒரு தெர்மாமீட்டரை உள்ள போட்டு பாருங்க. சூடு கம்மின்னா சுருக்கம் விரியாது, அதிகம்னா டிஷ்யூ பிரிஞ்சு செல் எல்லாம் தனித்தனியா போகும். செக்‌ஷனோட பளபளன்னு இருக்க பக்கம் தண்ணிய பாக்க இருக்கணும். அடியில குமிழி வந்தா காய்ச்சி ஆறவச்ச டிஸ்டில்டு வாட்டர் ஊத்துங்க. கடலோர ஊர்கள்ல போர் தண்ணி உப்பா இருக்கும், அத வாட்டர் பாத்துக்கு எடுக்கவே வேண்டாம்.

சூடு சரியா இருந்தும் சுத்தி மெழுகு ஒழுங்கா நிக்குது, நடுவுல டிஷ்யூ மட்டும் சிதறி ஓடுதுன்னா மெழுகு உள்ள ஏறல. அது கட்டிங் பிரச்சனை இல்ல, புரோசஸிங் பிரச்சனை. படி 5க்கு வாங்க.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம், இத நான் யார்கிட்டயும் விட்டுக்குடுக்க மாட்டேன். ஒவ்வொரு பிளாக் முடிஞ்சதும் தண்ணி மேல டிஷ்யூ பேப்பரை இழுத்து துடைச்சு எடுங்க, பிளேடையும் பிரஷ்ஷையும் துடைங்க. முந்தின பிளாக்குல இருந்து மிதந்துகிட்டு இருக்க ஒரு துணுக்கு அடுத்த ஆளோட ஸ்லைடுல ஏறுனா, கேன்சர் இல்லாதவங்க ஸ்லைடுல கேன்சர் செல் தெரியும். அந்த ரிப்போர்ட் ஒரு வீட்டுக்குள்ள என்ன பண்ணும்னு நெனச்சுப் பாருங்க.

படி 5: பிளாக்கைப் பாத்து புரோசஸிங்கைப் படிக்கிறது

நேந்திரங்காய் சிப்ஸ் சீவுறவங்கள நம்ம ஊர்ல பாத்திருப்பீங்க, காய் ஒரே பதமா இருந்தாத்தான் வட்டம் வட்டமா விழும், உள்ள பழுத்துருச்சுன்னா பிஞ்சுதான் வரும். பிளாக்கும் அப்படித்தான், மெழுகும் டிஷ்யூவும் ஒரே கெட்டியா இருக்கணும். ட்ரிம் பண்ணின பிளாக்கை ட்யூப் லைட்டுக்கு சாய்ச்சுப் பிடிச்சுப் பாருங்க. நல்ல பிளாக்குல டிஷ்யூவும் மெழுகும் ஒரே மட்டத்துல இருக்கும். டிஷ்யூ எடம் மட்டும் லேசா குழிஞ்சு, நடுவுல ஈரமா வெளிறி தெரிஞ்சு, நகத்தால தொட்டா பதிஞ்சா தண்ணி இன்னும் உள்ள இருக்கு. மறுநாள் காலைல அந்தக் குழி இன்னும் ஆழமாயிருக்கும். சைலீன் வாசம் வந்து, தொட்டா உதிருதுன்னா சைலீன் போகல, மெழுகு பத்தல.

சைலீன் வாசம் மட்டும்னா வேலை சுலபம், பிளாக்கை உருக்கி புது மெழுகுல ஒண்ணு ரெண்டு மணி நேரம் வச்சு திரும்ப எம்பெட் பண்ணுங்க. தண்ணி இருந்தா பின்னால போகணும், மெழுகை உருக்கி துடைச்சிட்டு சைலீன் ரெண்டு தடவை, அப்பறம் புது அப்சல்யூட் ஆல்கஹால் (தண்ணி கலக்காத ஆல்கஹால்) ரெண்டு மாத்து, திரும்ப சைலீன், திரும்ப மெழுகு. டிஷ்யூவ வெட்டிப் பாத்தா நடுவுல பச்சை மாமிச நெறமா செவப்பா இருக்குன்னா அது ஃபிக்சேஷனே ஆகல, ஆல்கஹாலை இறங்கு வரிசைல கொண்டுபோய் பார்மலின்ல போட்டு மொதல்ல இருந்துதான். நேரம் ஆகும், பத்தாலஜிஸ்ட்கிட்ட (ஸ்லைடு பாத்து ரிப்போர்ட் குடுக்குற டாக்டர்) சொல்லிட்டு பண்ணுங்க.

இதுக்கு நேர் எதிரா, பிளாக் காஞ்சு மொறுமொறுன்னு, செக்‌ஷன்ல நுணுக்கமா வெடிப்பு வந்தா ஓவர் புரோசஸிங். மெழுகு பாத் 65 டிகிரிக்கு மேல போய் நேரம் கூடுனா இப்படி ஆகும், சைலீன்ல ராத்திரி முழுக்க கெடந்தாலும் ஆகும். முக்கியமான காரணம், குட்டி எண்டோஸ்கோபி பயாப்சியையும் யூட்ரஸ் பீஸையும் ஒரே பாஸ்கெட்ல ஒரே ஷெட்யூல்ல ஓட்டுறது. சின்னதுக்கு தனி ஷார்ட் ஷெட்யூல் வைங்க, கேஸ் கம்மியான லேப்னா கையாலயே பண்ணிரலாம்.

படி 6: மழைக்காலத்து ஆல்கஹால்

இத எந்தப் பாடப்புத்தகத்துலயும் நம்ம ஊருக்காக எழுதியிருக்க மாட்டாங்க. குமரி மாவட்டத்துக்கு ரெண்டு மழை, ஜூன்லயும் உண்டு அக்டோபர் நவம்பர்லயும் உண்டு, இடைப்பட்ட நாள்லயும் கடல் காத்துல ஈரம் இருந்துகிட்டேதான் இருக்கும். அப்சல்யூட் ஆல்கஹால் அந்த ஈரத்தை இழுத்துக்கும், ஐசோபுரோபைல் யூஸ் பண்ற லேப்லயும் இதே கதைதான். மூடிய ஒழுங்கா மூடாம வச்சா லேபிள்ல 100% இருக்கும், உள்ள இருக்காது. ஜார் அடியில தண்ணியில்லாத காப்பர் சல்பேட் வெள்ளைப் பொடிய போட்டு மேல ஃபில்டர் பேப்பர் வைங்க, பொடி நீலமாச்சுன்னா அந்த ஆல்கஹாலை கீழ் கிரேடுக்கு எறக்கிட்டு புதுசு ஊத்துங்க. கேசட்டை முதல் சைலீன்ல போட்டதும் சைலீன் கலங்கி வெளுத்துச்சுன்னா அங்கனயே நிறுத்திட்டு கேசட்டை அப்சல்யூட்டுக்கு திருப்பி எடுங்க. மெழுகு வரைக்கும் போக விட்டுட்டா வேலை நாலு மடங்கு.

மழையில கரண்ட் போனா, கேசட்டை ஜார் ஜாரா மாத்துற புரோசஸர் மெஷின் நின்னு, பாஸ்கெட் ரெண்டு ஜாருக்கு நடுவுல அந்தரத்துல தொங்கிக்கிட்டு இருக்கும், டிஷ்யூ காஞ்சுரும். புரோசஸருக்கு யுபிஎஸ் கண்டிப்பா வேணும். இல்லாத லேப்னா காத்து மழை இருக்க அன்னைக்கு ராத்திரி ஓட்டாதீங்க, எல்லாத்தையும் பார்மலின்லயே வச்சிருங்க, அதுல ஒருநாள் கூடக் கெடந்தா ஒண்ணும் ஆகாது.

படி 7: பார்மலின் டப்பா

கடைசியா வந்து நிக்கிற எடம் இதுதான், நெறைய பிரச்சனை பொறக்குற எடமும் இதுதான். கொளச்சல், களியக்காவிளை பக்கத்து சின்ன ஆஸ்பத்திரில காலைல எடுத்த ஸ்பெசிமன் பஸ்ஸுலயும் பைக்லயும் சாயந்திரம்தான் நம்ம கைக்கு வரும். வாய் குறுகின பாட்டில்ல யூட்ரஸ அமுக்கி, அது மூழ்குற அளவுக்குக் கூட பார்மலின் ஊத்தாம அனுப்புவாங்க, சில நேரம் சலைன்ல கெடக்கும். வந்த ஒடனே பெரிய டப்பாவுக்கு மாத்தி, திறந்து, டிஷ்யூ அளவுக்கு 10 மடங்காவது பார்மலின் ஊத்துங்க. அனுப்புறவங்களுக்கு அகல வாய் டப்பால நீங்களே பார்மலின் ஊத்தி குடுத்து விட்டா இன்னும் நல்லது.

கடையில வாங்குற பார்மலின்ல 37-40% பார்மால்டிஹைடு இருக்கும். அதுல 100 எம்எல், டிஸ்டில்டு வாட்டர் 900 எம்எல், சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மோனோஹைட்ரேட் 4 கிராம், தண்ணியில்லாத டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். பாஸ்பேட் போடாம வெறும் தண்ணில கலந்தா நாளாக நாளாக ஆசிட் ஆகி, ரத்தம் அதிகமுள்ள டிஷ்யூல கருப்பு-பழுப்பு பொடியா பிக்மெண்ட் படியும். கிராசிங்ல, அதாவது ஸ்பெசிமனைப் பாத்து கேசட்டுக்கு வெட்டி எடுக்கும்போது, பீஸ் 3-4 மில்லிமீட்டர் தடிமனுக்கு மேல வேண்டாம், கேசட்ட மூடும்போது மூடி டிஷ்யூவ அமுக்கக்கூடாது. கொழுப்பு அதிகமுள்ள பிரெஸ்ட் டிஷ்யூன்னா இன்னும் மெலிசா வெட்டி ஆல்கஹால், சைலீன் நேரத்தை கூட்டுங்க. பார்மலின் வேலைய ஜன்னல் திறந்து, எக்ஸாஸ்ட் போட்டு, கிளவுஸ் மாட்டித்தான் பண்ணணும், அது கேன்சர் உண்டாக்குற பொருள்.

இவ்வளவும் பாத்தும் ஒரு பிளாக் சரியா வரலன்னா கிடைச்சதுல நல்ல ரிப்பனா ரெண்டு மூணு ஸ்லைடு எடுத்துட்டு, பிளாக்கை மேற்கொண்டு வெட்டாம வச்சுட்டு, ரிக்விசிஷன் ஃபார்ம்ல "சலைன்ல வந்தது", "நடுப்பகுதி ஃபிக்ஸ் ஆகல", "முகத்துல டீகால்சிஃபை பண்ணினது" அப்படின்னு உள்ளத உள்ளபடி எழுதி பத்தாலஜிஸ்ட்கிட்ட குடுங்க. ஸ்லைடுல தெரியுறது நோயா இல்ல புரோசஸிங்ல வந்ததான்னு அவங்க அத வச்சுத்தான் முடிவு பண்ணுவாங்க.