ஒன்றிரண்டு வண்டிகள் உள்ள ஆம்புலன்ஸ் சேவையை நடத்துவது எப்படி?

தமிழகத்துக்கு 108 சேவை வந்தது 2008-ல். அதன் பிறகும் சிறு மருத்துவமனைகளும் அறக்கட்டளைகளும் ஊர்ச் சங்கங்களும் சொந்தமாக ஒன்றிரண்டு வண்டிகளை ஓட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. 108-க்குப் பின்னால் பெரிய கட்டுப்பாட்டு அறையும் மாற்று வண்டிகளும் உண்டு. சிறிய சேவையில் ஓட்டுநர் ஒருவர் லீவு போட்டாலே வண்டி நின்றுவிடும். அப்படி நிற்காமல் பார்த்துக்கொள்வதற்கான வழிமுறைகள் இவை.

முதலில் ஆள் கணக்கு. எட்டு மணி நேர ஷிஃப்ட் என்றால் ஒரு வண்டிக்கு ஆண்டுக்கு 1,095 ஷிஃப்ட். ஒருவருக்கு வார விடுமுறை 52 நாள், மற்ற லீவு 25 நாள் போனால் மிஞ்சுவது 288 வேலை நாள். 1,095-ஐ 288-ஆல் வகுத்தால் 3.8. ஆக, ஒரு வண்டிக்கு நான்கு ஓட்டுநர்கள், நான்கு மருத்துவ உதவியாளர்கள் தேவை. பலர் இரண்டு இரண்டு பேரை வைத்தே சமாளிக்கிறார்கள். அதில் ஒருவர் ஊர்த் திருவிழாவுக்குப் போனால் மற்றவர் 24 மணி நேரமும் ஓட்ட வேண்டும்; விடிகாலை மூன்று மணிக்குக் கண் சொருகத்தான் செய்யும். நான்கு பேருக்குச் சம்பளம் கட்டுப்படியாகாது என்றால், 'இரவில் சேவை இல்லை' என்று பலகை வைத்துவிடுவதே நேர்மை.

அடுத்து, வண்டியின் தகுதி. ஏஐஎஸ்-125 என்ற தரநிர்ணயம் ஆம்புலன்ஸ்களை நான்காகப் பிரிக்கிறது: முதலில் போய்ச் சேர்பவருக்கானது, நோயாளியை ஏற்றிச் செல்ல மட்டும் உதவுவது, அடிப்படை உயிர்காப்பு வண்டி, மேம்பட்ட உயிர்காப்பு வண்டி. இரண்டாம் வகை வண்டிக்குள் ஒரு மானிட்டரை மாட்டி, வெளியே 'ஐசியூ' என்று எழுதுவது ஊரறிந்த ஏமாற்று. வென்டிலேட்டரை இயக்கத் தெரிந்தவர் உள்ளே இல்லையென்றால் அது ஐசியூ வண்டி இல்லை.

ஆக்சிஜனில்தான் தவறு அதிகம் நடக்கிறது. 'சிலிண்டர் இருக்கிறது' என்று எழுதி வைப்பதால் பயன் இல்லை, எத்தனை நிமிடத்துக்கு இருக்கிறது என்று எழுத வேண்டும். பி வகை சிலிண்டரின் நீர்க் கொள்ளளவு சுமார் 10 லிட்டர், நிரம்பியிருக்கும்போது அழுத்தம் சுமார் 150 பார். அழுத்தத்தில் 20-ஐக் கையிருப்பாகக் கழித்து, மீதியைக் கொள்ளளவால் பெருக்கி, நிமிடத்துக்கு ஓடும் லிட்டரால் வகுக்க வேண்டும். 10 லிட்டர் வேகத்தில் முழு சிலிண்டர் 130 நிமிடம் வரும். மானி 60 காட்டினால் 40 நிமிடம்தான். திருநெல்வேலியிலிருந்து மதுரைக்கு ஒருவரை மாற்றப் போகிறீர்கள், போக்குவரத்தோடு மூன்று மணி நேரம் என்று வையுங்கள். அதே வேகத்தில் 1,800 லிட்டர் செலவாகும். டயர் பஞ்சர், ரயில்வே கேட் என்று எதுவும் குறுக்கிடலாம் என்பதால் இருமடங்கு, அதாவது 3,600 லிட்டர் ஏற்ற வேண்டும். மூன்று பி சிலிண்டர், அல்லது ஒரு பெரிய டி சிலிண்டர். சிலிண்டர் சாவியைச் சங்கிலியில் கட்டி வண்டியிலேயே தொங்கவிடுங்கள், மாற்று வாஷர் இரண்டு வைத்திருங்கள். வால்வில் எண்ணெயோ கிரீஸோ படவே கூடாது, தீப்பிடிக்கும். பெல்ட் போடாத சிலிண்டர் மோதலின்போது குண்டுபோலப் பாயும்.

ஷிஃப்ட் மாறும்போது போகிறவரும் வருகிறவரும் சேர்ந்து சோதிக்க வேண்டும். டிக் அடித்தால் போதாது, ஒவ்வொன்றையும் இயக்கிப் பார்க்க வேண்டும். சளியையும் ரத்தத்தையும் உறிஞ்சும் சக்ஷன் குழாயை விரலால் அடைத்தால் மானி 300 மி.மீ. பாதரசத்துக்கு ஏற வேண்டும். கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பையின் வாயை உள்ளங்கையால் மூடி அழுத்தினால் காற்று கசியக் கூடாது. பெரியவர், குழந்தை, பிறந்த சிசு என மூன்று அளவும் இருக்க வேண்டும். நெஞ்சில் மின்அதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப் கருவியின் சுயசோதனை, அதை நெஞ்சில் ஒட்டும் பேடின் காலாவதி தேதி, ஸ்ட்ரெச்சரின் சக்கரப் பூட்டு ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள். மருந்துப் பையை எண் உள்ள பிளாஸ்டிக் சீலால் மூடிவிட்டால் தினமும் எண்ணும் வேலை மிச்சம்: சீல் உடைந்திருந்தால் மட்டும் திறந்து நிரப்பிப் புது எண்ணைப் பதிந்தால் போதும்.

சித்திரை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் மருந்துகள் வெந்துபோகும். வண்டியை நிழலில் நிறுத்துங்கள். நிறமற்ற அட்ரினலின் இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் வீசிவிடுங்கள். ஆக்சிடோசினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்புகளும் வெப்பத்தில் தவறான எண்ணைக் காட்டும்.

போனை எடுப்பவர் முதலில் கேட்க வேண்டியது இடம், அடுத்தது திரும்ப அழைக்கும் எண். நான்குவழிச் சாலை என்றால் எந்தத் திசை, அருகில் எந்தப் பாலம், கிலோமீட்டர் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க வேண்டும். இடம் தெரிந்ததுமே வண்டியைக் கிளப்பிவிட்டு மீதியைக் கேட்கலாம். பெரியவர் ஒருவருக்கு மூச்சு இல்லை என்றால், வண்டி வரும்வரை நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்தச் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு பயணத்துக்கும் ஏழு நேரங்களைப் பதியுங்கள்: அழைப்பு, கிளம்பல், சேர்தல், நோயாளியோடு புறப்படல், மருத்துவமனை சேர்தல், ஒப்படைத்தல், மீண்டும் தயார். சராசரியை நம்பாதீர்கள். ஒன்பது பயணம் 8 நிமிடத்திலும் ஒன்று 40 நிமிடத்திலும் போயிருந்தால் சராசரி 11.2 தான்; பார்க்க அழகாக இருக்கும், 40 நிமிடம் காத்தவர் அதில் காணாமல்போவார். வாரம் ஒருமுறை மிக மெதுவான பயணங்களை எடுத்து விசாரியுங்கள். இரவில் கிளம்பத் தாமதமானால் பெரும்பாலும் காரணம் சாவி இருக்கும் இடமும் ஓட்டுநர் படுக்கும் இடமுமாகத்தான் இருக்கும்.

எந்த மருத்துவமனைக்குப் போவது என்ற முடிவில் கமிஷன் நுழைந்துவிட்டால் மற்றதெல்லாம் வீண். கமிஷன் வாங்குபவரை வேலையை விட்டு நீக்குவோம் என்று எழுத்தில் வையுங்கள். ரத்தக்கட்டியால் வந்த பக்கவாதத்துக்கு, கட்டியைக் கரைக்கும் ஊசி பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்குள் ஏறியாக வேண்டும். சிடி ஸ்கேன் இல்லாத பக்கத்து ஆஸ்பத்திரியில் இறக்கினால் அந்த நேரம் போய்விடும். சாலை விபத்து என்றால், முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் தரும் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளின் பட்டியல் வண்டியில் ஒட்டியிருக்கட்டும். கிளம்பும்போதே அங்கே போன் செய்து வயது, என்ன நடந்தது, காயம், ரத்த அழுத்தம், கொடுத்த சிகிச்சை, வந்து சேரும் நேரம் ஆகியவற்றைச் சொல்லிவிட வேண்டும்.

ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் என்பது 2019 திருத்தத்துக்குப் பின் சட்டம். அதற்காகச் சிவப்பு விளக்கில் பார்க்காமல் பாயலாம் என்று பொருள் இல்லை. நிலை சீராக உள்ள நோயாளியை மாற்றும்போது சைரனே வேண்டாம்.

பயணம் முடிந்ததும் ரத்தம் பட்ட இடத்தைத் துடைத்து, ஒரு சத ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினி) கரைசலைப் பத்து நிமிடம் விட வேண்டும். ஐந்து சத ஹைப்போ ஒரு பங்குக்குத் தண்ணீர் நான்கு பங்கு. பிறகு வெறும் தண்ணீரில் துடைக்காவிட்டால் ஸ்ட்ரெச்சர் துருப்பிடிக்கும். ஊசிகள் துளைபடாத வெள்ளை டப்பாவுக்கும், ரத்தத் துணி மஞ்சள் பைக்கும், கையுறையும் குழாயும் சிவப்புப் பைக்கும் போக வேண்டும். நகராட்சித் தொட்டிக்கு எதுவும் போகக் கூடாது.

மாற்று ஸ்ட்ரெச்சர் ஒன்று வாங்கி வையுங்கள். பெரிய மருத்துவமனையில் கட்டில் காலியாகும்வரை நோயாளி உங்கள் ஸ்ட்ரெச்சரிலேயே கிடப்பார், வண்டி வாசலில் நிற்கும், அடுத்த அழைப்பு வந்துவிடும்.