வேலை, ஆற்றல், திறன்: மதிப்பெண் போகும் இடங்கள்

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் இந்தப் பாடம் வந்ததும் பலருக்கு ஒரு நிம்மதி, ஏனென்றால் மூன்றுமே தெரிந்த சொற்கள். சிக்கலே அங்கேதான் இருக்கிறது. வீட்டில் நாம் சொல்லும் வேலை வேறு. இங்கே வேலை என்றால் விசை, இடப்பெயர்ச்சி, இரண்டுக்கும் நடுவே உள்ள கோணத்தின் கொசைன் மதிப்பு, இம்மூன்றின் பெருக்கல், அவ்வளவுதான். (இலங்கைப் பாடநூல்களில் ஆற்றலைச் சக்தி என்றும் திறனை வலு என்றும் சொல்வார்கள், இரு நாட்டு வீடியோக்களையும் பார்த்துப் படிப்பவர்கள் இதை மனதில் வையுங்கள்.)

களைப்பை வேலை என்று நினைப்பதுதான் முதல் தவறு. தண்ணீர்க் குடத்தைத் தூக்கிப் பிடித்தபடி பத்து நிமிடம் அசையாமல் நின்றால் கை கடுக்கும், ஆனால் குடம் நகரவில்லை, அதன் மேல் செய்த வேலை பூஜ்யம். அப்புறம் ஏன் வலிக்கிறது என்று பிள்ளைகள் கேட்பது நியாயமான கேள்வி, அதற்குப் பதில் சொல்லாமல் சூத்திரத்தை மட்டும் எழுதிப் போட்டால் யாரும் மனதார நம்ப மாட்டார்கள். குடத்தைத் தாங்கும்போது தசைநார்கள் உள்ளுக்குள் விடாமல் இயங்கிக்கொண்டே இருக்கின்றன, சாப்பாட்டிலிருந்து வந்த ஆற்றல் அதில் செலவாகி வெப்பமாகப் போகிறது. உடல் செலவழித்தது உண்மை. அதில் எதுவும் குடத்துக்குப் போய்ச் சேரவில்லை என்பதும் உண்மை.

அதைவிட அதிகம் பேர் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. 25 கிலோ அரிசி மூட்டையைத் தரையிலிருந்து 2 மீட்டர் உயரப் பரணில் மெதுவாகத் தூக்கி வைக்கிறீர்கள். நீங்கள் செய்த வேலை 25 × 9.8 × 2, அதாவது 490 ஜூல். அதே நேரத்தில் புவியீர்ப்பு விசை செய்த வேலை −490 ஜூல். கூட்டினால் பூஜ்யம், மூட்டை ஓய்வில் தொடங்கி ஓய்வில் முடிந்ததால் இயக்க ஆற்றலில் மாற்றமில்லை, கணக்கு சரியாகவே இருக்கிறது. இதைப் பார்த்து 'நான் வேலையே செய்யவில்லையா?' என்று குழம்ப வேண்டாம். வினாவில் கேட்டது ஒரு விசை செய்த வேலையா, எல்லா விசைகளும் சேர்ந்து செய்த மொத்த வேலையா? எந்த விசை, எந்தப் பொருள் மேல் என்று பேனாவை எடுக்கும் முன்பே ஒருமுறை கேட்டுக்கொண்டால் இந்தப் பாடத்தின் பாதிக் குழப்பம் தீரும் என்பது என் உறுதியான எண்ணம்.

அதே மூட்டையில் இன்னொரு தவறும் நடக்கும்: நிலை ஆற்றல் 490 ஜூல் கூடியது என்று ஒரு பக்கம் எழுதிவிட்டு, புவியீர்ப்பு செய்த −490-ஐயும் அதே சமன்பாட்டில் சேர்ப்பார்கள். இரண்டும் ஒரே விஷயம்தான், ஒன்றை எழுதினால் மற்றதை விட்டுவிட வேண்டும்.

குறியை விடுவதும் சாதாரணமாக நடக்கிறது. பிரேக் பிடிக்கும்போது உராய்வு எதிர்த்திசையில் இருப்பதால் அதன் வேலை எதிர்க்குறி. கயிற்றில் கட்டிய கல்லை வட்டமாகச் சுற்றினால் இழுவிசை எப்போதும் வேகத்துக்குச் செங்குத்து, கல் வட்டத்திலேயே சுற்றும்வரை அதன் வேலை பூஜ்யம்.

இயக்க ஆற்றலில் வேகம் வர்க்கமாக வருவதை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள், கணக்கில் மட்டும் மறந்துவிடுவார்கள். ஆளோடு சேர்த்து 200 கிலோ எடையுள்ள பைக் மணிக்கு 36 கிலோமீட்டரிலிருந்து 72-க்குப் போகிறது. முதலில் விநாடிக்கு 10 மீட்டர், 20 மீட்டர் என்று மாற்றுங்கள். ஆற்றல் 10,000 ஜூலிலிருந்து 40,000 ஆகிறது, கூடியது 30,000. வேகங்களை முதலில் கழித்து அப்புறம் வர்க்கம் எடுத்தால் 10,000 வரும், அது தவறு. வர்க்கம் எடுத்த பிறகுதான் கழிக்க வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் அதே பிரேக் விசையில் வண்டி நிற்க நான்கு மடங்கு தூரம் வேண்டும், பைக் ஓட்டப் போகிற வயதில் இது தேர்வைத் தாண்டியும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

கடைசியாகத் திறன், அதாவது ஒரு விநாடிக்கு எவ்வளவு வேலை நடக்கிறது என்பது. மின்கட்டண யூனிட் என்பது கிலோவாட்-மணி, ஆற்றலின் அலகு, 36 லட்சம் ஜூல். கிலோவாட்டை மணியால் பெருக்க வேண்டும், வகுத்து எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1000 லிட்டர் தண்ணீரை 10 மீட்டர் உயரத் தொட்டிக்கு ஏற்ற 98,000 ஜூல் வேண்டும். 1 எச்.பி. மோட்டாருக்குப் பதில் அரை எச்.பி. மோட்டார் போட்டால் பாதி வேலைதான் செய்யும் என்று எழுதாதீர்கள், தொட்டி நிரம்பிவிட்டால் வேலை ஒன்றுதான், நேரம்தான் இரண்டு மடங்கு. 1 எச்.பி. மோட்டாரின் 746 வாட்டும் முழுக்கத் தண்ணீரைத் தூக்கவே போனால் 131 விநாடி ஆகும். குழாய் உராய்விலும் மோட்டார் சூட்டிலும் கொஞ்சம் போய்விடுவதால் நிஜத்தில் இதைவிடக் கூடுதலாகத்தான் ஆகும், உங்கள் விடை 131-க்குக் கீழே வந்தால் பயனுறுதிறனை (கொடுத்த ஆற்றலில் எவ்வளவு பங்கு பயன்பட்டது என்பதை) தலைகீழாகப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.